ஏட்டுச் சுரைக்காய் அடுக்குமாடி

மூன்று மாதத்துக்கு ஒருமுறை நாளிதழில் ஒரு செய்தி வரும். தலைப்பு மட்டும் மாறும்: சென்னையில் அடுக்குமாடி அனுமதிகள் உயர்வு, பெங்களூரை முந்துகிறது ஐதராபாத், கோவையிலும் சூடுபிடிக்கிறது கட்டுமானம். பக்கத்தில் ஒரு பட்டை வரைபடம், ஒவ்வொரு பட்டையும் முந்தையதைவிட ஒரு விரற்கடை உயரம். கட்டுநர் சங்கத்துக்காரர் ஒருவர் மகிழ்ச்சி தெரிவித்திருப்பார். அரசுத் தரப்பில் ஒருவர் ஒற்றைச் சாளர முறையை மெச்சியிருப்பார். காபியோடு படித்து முடிப்பவர் மனத்தில் தங்குவது இதுதான்: ஊரில் வீடு பெருகுகிறது, இன்னும் இரண்டு வருடத்தில் விலை இறங்கும், வாடகையும் இறங்கும், நாம் கொஞ்சம் பொறுத்தால் போதும்.

என் அடுக்ககத்தில் மூன்றாவது மாடியில் குடியிருக்கும் வாடகைக்காரர் இப்படிப் பொறுக்கத் தொடங்கி ஒன்பது வருடம் ஆகிறது. அவர் பொறுமைசாலி. அவர் நம்பிய கணக்குதான் தப்பு.

அனுமதி எண்ணிக்கையை வீட்டு எண்ணிக்கையாகப் படிக்கும் இந்தப் பழக்கம் பத்திரிகைக்காரர்களோடு நிற்கவில்லை. வங்கி ஆய்வறிக்கையிலும் அமைச்சரின் மேடைப் பேச்சிலும் ரியல் எஸ்டேட் தரகரின் வாட்ஸ்அப்பிலும் இதே வாய்பாடுதான்: அனுமதி கூடினால் வளர்ச்சி, குறைந்தால் தேக்கம். அனுமதித் தாள் எதைச் சொல்கிறது? ஒரு மனைக்காரரும் ஒரு புரோமோட்டரும் ஓரிடத்தில் இத்தனை மாடி கட்ட ஆசைப்பட்டார்கள், அரசு தடை சொல்லவில்லை. அவ்வளவே. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு ஆகாது என்று பள்ளியில் படித்தவர்கள்தான் நாம். ஆனாலும் இந்தச் சுரைக்காயை மட்டும் ஆண்டுக்கு நாலு தடவை தட்டில் போட்டுக்கொள்கிறோம்.

எதிர்த்தரப்புக்கு உரியதை முதலிலேயே கொடுத்துவிடுகிறேன். அனுமதி வாங்குவது ஒரு காலத்தில் நரகமாக இருந்தது. கோப்பு மேசைக்கு மேசை நகர ஒவ்வொரு மேசையிலும் ஏதாவது வைக்க வேண்டியிருந்தது. அந்தச் செலவும், காத்திருந்த மாதங்களின் வட்டியும் கடைசியில் பிளாட் வாங்கியவர் தலையில் விடிந்தன. இணையவழி விண்ணப்பம் அதைக் குறைத்திருந்தால் நல்லதே. 2019-ல் வந்த தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள், ஊருக்கு ஒரு சட்டம் என்றிருந்த குழப்பத்தை ஒழித்ததும் நல்லதே. கோப்பு வேகமாக நகர்கிறது என்பதில் எனக்குச் சண்டை இல்லை. கோப்பு நகர்ந்தால் வீடு வந்துவிட்டது என்பதில்தான் சண்டை.

முதலில், எதை எண்ணுகிறார்கள் என்று பாருங்கள். சென்னைப் பெருநகரில் எட்டு வீடுகள், பத்தாயிரம் சதுர அடி வரையிலான கட்டடங்களுக்கு உள்ளாட்சி அமைப்பே அனுமதி கொடுக்கும். அதற்கு மேல் போனால் சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம், அதாவது சி.எம்.டி.ஏ. ஆகவே 'சி.எம்.டி.ஏ. அனுமதிகள்' என்று செய்தியில் வரும் எண், மாம்பலத்திலும் மடிப்பாக்கத்திலும் சந்துக்குச் சந்து எழும் ஆறு வீட்டு, எட்டு வீட்டு ஸ்டில்ட் கட்டடங்களைப் பார்ப்பதே இல்லை. நடுத்தரக் குடும்பங்கள் பெரும்பாலும் குடியேறுவது அவற்றில்தான். கோவைக்கும் மதுரைக்கும் போனால் கையெழுத்துப் போடும் அலுவலகமே வேறு, நகர் ஊரமைப்பு இயக்ககம் எனப்படும் டி.டி.சி.பி. ஐதராபாத்தில் இன்னொரு கதை. 2020-ல் தெலங்கானா கொண்டுவந்த சட்டப்படி 75 சதுர கஜம் வரையிலான மனைக்கு அனுமதியே வேண்டாம், பதிவு போதும். 500 சதுர மீட்டர் வரை, பத்து மீட்டர் உயரம் வரை விண்ணப்பித்தவுடன் அனுமதி. பெரிய கட்டடத்துக்கு 21 நாளுக்குள் பதில் வராவிட்டால் அனுமதித்ததாகவே பொருள். மௌனம் சம்மதம் என்பதைச் சட்டமாகவே எழுதிவிட்டார்கள். ஓர் ஊரில் மௌனத்தையும் சேர்த்து எண்ணுகிறார்கள், இன்னோர் ஊரில் எட்டு வீட்டுக்குக் கீழே எண்ணுவதே இல்லை. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி யார் உயரம் என்று பார்ப்பது, ஒருவன் நாற்காலியில் நிற்கும்போது முதுகோடு முதுகு ஒட்டி அளப்பது போல.

எல்லைக் கோடும் நகர்கிறது. 2022 அக்டோபரில் சென்னைப் பெருநகரப் பகுதி 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 ஆனது. ஒரே அரசாணையில் ஊர் ஐந்து மடங்கு. அரக்கோணம் பக்கத்துக் கட்டடம் இனி 'சென்னை'க் கணக்கில் வரும். அதற்கு முன்னும் பின்னும் உள்ள எண்களை ஒரே கோட்டில் இணைத்து ஏறுமுகம் என்று காட்டுகிறவர் எல்லாரும் பொய்யர் அல்லர். கேட்டால் மட்டும் அடிக்குறிப்பைக் காட்டுவார்கள்.

இவை எண்ணும் முறையின் கோளாறுகள், திருத்திவிடலாம். திருத்த முடியாதது அடுத்தது.

எங்கள் தெருவில் 1980-களில் கட்டிய மூன்று மாடிக் கட்டடம் ஒன்று இருந்தது. பன்னிரண்டு வீடு. லிப்ட் இல்லை, கம்பி துருப்பிடித்துக் கூரைக் காரை பெயர்ந்து விழும், ஆனால் ஒவ்வொரு வீட்டிலும் காற்று வரும். மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் சம்மதித்தால் இடித்துக் கட்டலாம் என்ற அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டம், 2022-ல் நிறைவேறி 2024 மார்ச்சில் நடைமுறைக்கு வந்தபின், அந்தக் கட்டடத்தில் நின்றுபோயிருந்த பேச்சுக்கு மறுபடி உயிர் வந்தது. இடித்தார்கள். இருபது வீட்டுக்கு அனுமதி வாங்கினார்கள். செய்தித்தாளின் கணக்கில் அந்த மனை 'இருபது புதிய வீடுகள்'. உண்மையில் கூடப்போவது எட்டு. அதுவும் கட்டி முடித்தால். முடிகிறவரை அந்த மனையின் கணக்கு கழித்தல் பன்னிரண்டு. அந்தப் பன்னிரண்டு குடும்பமும் வெளியே வாடகை வீடு தேடி, அக்கம்பக்கத்து வாடகையை ஏற்றிவிட்டிருக்கின்றன. மூன்றாவது மாடி வாடகைக்காரருக்குப் போன வருடம் வாடகை ஏன் ஏறியது என்பதற்கு ஒரு காரணம், தெருவில் அனுமதி பெருகியதுதான்.

அண்ணா நகர், அசோக் நகர், தி. நகர், அடையாறு எங்கும் இப்போது நடப்பது பெரும்பாலும் இந்தத் திருப்பிக் கட்டும் வேலை. இடிப்பதற்குத் தனிக் கணக்கு வைத்து, அனுமதி எண்ணிலிருந்து அதைக் கழித்து வெளியிட்ட செய்தியை நான் இதுவரை படித்ததில்லை. வரவை மட்டும் எழுதிச் செலவை எழுதாத மளிகைக்கடைக்காரர் ஆறு மாதத்தில் கடையைச் சாத்துவார். நகரத்துக்கு அந்த வசதியும் கிடையாது.

'அப்படியானால் மேல்நாடுகளில் மட்டும் ஏன் அனுமதி எண்ணிக்கையைப் பொருளாதாரத்தின் முன்னறிவிப்பாகப் பார்க்கிறார்கள்?' என்று பொருளாதாரம் படித்த நண்பர் ஒருவர் என்னை மடக்கினார். நல்ல கேள்வி. அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் துறை மாதாமாதம் வெளியிடும் வீட்டுக் கட்டுமான அறிக்கையை எடுத்துப் பாருங்கள் என்றேன். அதில் அனுமதி ஒரு வரி. கடைக்கால் போட்டு வேலை தொடங்கியவை ஒரு வரி. கட்டி முடித்தவை ஒரு வரி. போதாக்குறைக்கு, அனுமதி வாங்கியும் தொடங்காமல் கிடப்பவை என்று தனியாக ஒரு வரி. எல்லாம் ஒரே தாளில். நாம் அந்தத் தாளின் முதல் வரியை மட்டும் கிழித்துக்கொண்டு வந்து சட்டம் போட்டு மாட்டியிருக்கிறோம்.

இங்கே தொடங்காமல் கிடப்பவை எத்தனை என்று கேட்க நாதி இல்லை. முடியாமல் கிடப்பவை எத்தனை என்று மட்டும் ஒருமுறை கணக்குப் பார்த்தார்கள், அதுவும் வீடு வாங்கியவர்கள் தெருவுக்கு வந்து கத்திய பிறகு. நின்றுபோன திட்டங்களைப் பற்றி ஆராய ஒன்றிய அரசு அமிதாப் காந்த் தலைமையில் அமைத்த குழு, 2023-ல் தந்த அறிக்கையில் இந்திய வங்கிகள் சங்கத்தின் மதிப்பீட்டை எடுத்துக் காட்டியது: நாடு முழுக்கச் சிக்கலில் மாட்டிய வீடுகள் 4.12 லட்சம். பாதிக்கு மேல், சுமார் 2.4 லட்சம், டெல்லி சுற்றுவட்டாரத்தில் மட்டும். நொய்டாவும் கிரேட்டர் நொய்டாவும் அனுமதிப் பட்டை வரைபடத்தில் ஒரு காலத்தில் விண்ணைத் தொட்ட ஊர்கள் என்பதை மறக்கக்கூடாது. அந்தப் பட்டைக்குள் இருந்த குடும்பங்கள் ஒரு பக்கம் வங்கித் தவணையும் மறுபக்கம் வாடகையும் கட்டிக்கொண்டு பத்து வருடம் ஓட்டின.

அதே நொய்டாவில் 2022 ஆகஸ்ட் 28 அன்று இரட்டைக் கோபுரங்களை வெடி வைத்துத் தகர்த்ததை நாடே தொலைக்காட்சியில் பார்த்தது. ஒன்பது நொடி வேலை. திருட்டுத்தனமாக இரவோடிரவாக எழுந்தவை அல்ல அவை. நொய்டா ஆணையம் அனுமதி கொடுத்து, திருத்திய வரைபடத்துக்கு மறுபடி மறுபடி அனுமதி கொடுத்து எழுந்தவை. அதிகாரிகளும் கட்டுநரும் கைகோத்துச் செய்த விதிமீறல் என்று 2021-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. கேரளத்தில் மரடுவில் 2020 ஜனவரியில் இரண்டே நாளில் தகர்த்த நான்கு குடியிருப்புகளுக்கும் உள்ளூர்ப் பஞ்சாயத்தின் கட்டட அனுமதி இருந்தது. கடலோர ஒழுங்குமுறை விதி மட்டும்தான் இல்லை என்றது. ஐதராபாத்தில் 2024 ஜூலையில் வந்த ஹைட்ரா அமைப்பு ஏரிப் பரப்புக்குள் நின்ற கட்டடங்களை இடிக்கப் புறப்பட்டபோது, அவற்றுக்கு அனுமதி தந்த அதிகாரிகள் சிலர் மீதே வழக்குப் பதிவானது. இந்த அனுமதிகள் எல்லாம் அந்தந்த வருடத்தில் 'வளர்ச்சி'யாக எண்ணப்பட்டவைதாம். இடித்தபின் பழைய வருடத்தின் எண்ணை யாராவது திருத்தினார்களா?

நம் ஊருக்கு வருவோம். மவுலிவாக்கம் என்று சொன்னால் சென்னைக்காரருக்கு இன்னும் ஒரு நொடி பேச்சு நிற்கும். 2014 ஜூன் 28, மாலை மழை, கட்டிக்கொண்டிருந்த பதினொரு மாடி நொறுங்கி உட்கார்ந்தது. 61 பேர் செத்தார்கள். பெரும்பாலும் ஆந்திரத்திலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் நம் மாவட்டங்களிலிருந்தும் வந்த கட்டடத் தொழிலாளர்கள். அந்தக் கட்டடத்துக்குத் திட்ட அனுமதி இருந்தது. அனுமதி என்பது வரைபடத்தைப் பார்த்துக் கொடுப்பது. மண்ணையும் தூணையும் பார்த்து அல்ல என்பது அன்றைக்குப் பலருக்கு முதல்முறையாகத் தெரிந்தது. பக்கத்தில் தப்பி நின்ற இன்னொரு கட்டடத்தை 2016 நவம்பரில் வெடி வைத்து இறக்கினார்கள்.

பள்ளிக்கரணை அண்மைக் கதை. 2022-ல் பன்னாட்டு முக்கியத்துவம் கொண்ட ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்ந்த, சுமார் 1,248 எக்டேர் சதுப்பு நிலம். அதன் எல்லைக்குள்ளேயே ஒரு பெரிய அடுக்குமாடித் திட்டத்துக்கு அனுமதி தரப்பட்டதாக 2025-ல் புகார் எழுந்து, உயர் நீதிமன்றம் கட்டுமானத்துக்கு இடைக்காலத் தடை போட்டது. ராம்சர் எல்லையிலும் அதைச் சுற்றி ஒரு கிலோமீட்டரிலும் புதிய அனுமதி தரக்கூடாது என்று பசுமைத் தீர்ப்பாயமும் அதே வருடம் நிறுத்திவைத்தது. உடனே ஒரு தரப்பு, தென்சென்னையில் அனுமதி குறைந்துவிட்டது, வீட்டுச் சந்தை முடங்கும் என்று புலம்பியது. இதுதான் இந்த எண்ணின் மீதான மோகம் எங்கே கொண்டுவிடும் என்பதற்குச் சாட்சி. ஏரிக்குள் கொடுத்த அனுமதி வரவாகவும், ஏரியைக் காக்க நிறுத்தியது நட்டமாகவும் பதிவாகும் ஒரு கணக்குப் புத்தகத்தை வைத்துக்கொண்டு ஊரை ஆள முடியாது.

பெங்களூரைப் பார்த்தால் இன்னும் தெளிவாகும். அங்கே அனுமதிக்குப் பஞ்சமே இருந்ததில்லை. நாலு மாடிக்கு வாங்கி ஆறு மாடி எழுப்புவது ஏறக்குறைய ஊர் வழக்கம். கட்டி முடித்ததும் வரைபடப்படிதான் கட்டியிருக்கிறார்கள் என்று சரிபார்த்துத் தரவேண்டிய குடியேற்றச் சான்று, 'ஓ.சி.', மட்டும் பாதிப் பேரிடம் இருக்காது. இல்லாமலே மின்சாரம் வந்தது, தண்ணீர் வந்தது, கடன் வந்தது. 2024 டிசம்பர் 17 அன்று உச்ச நீதிமன்றம் ஒரு மீரட் வழக்கில் கடுமையாகச் சொல்லிவிட்டது: பணிநிறைவுச் சான்றும் குடியேற்றச் சான்றும் இல்லாத கட்டடத்துக்கு மின் இணைப்பும் குடிநீர் இணைப்பும் தராதே, வங்கி கடன் கொடுக்காதே. மறுவருடம் கர்நாடகத்தில் பல்லாயிரம் பேர் கட்டிய வீட்டின் முன்னால் மின் இணைப்பு இல்லாமல் நின்றார்கள். கடைசியில் அரசு என்ன செய்தது? வீடுகளை ஒழுங்குபடுத்தியதா? 30-க்கு 40 அடி மனை வரை ஓ.சி. தேவையில்லை என்று விலக்குக் கொடுத்தது.

சிரிக்க வேண்டாம். நாமும் அதே வழியில்தான் போகிறோம். 2024 ஜூலையில் 2,500 சதுர அடி வரையிலான மனையில் 3,500 சதுர அடி வரை வீடு கட்ட விண்ணப்பித்த கையோடு அனுமதி என்ற சுயசான்றுத் திட்டத்தைத் தொடங்கினோம். தனி வீடு கட்டுகிறவருக்கு அது பெரிய உதவி, மறுக்கவில்லை. அதே வருடம் இன்னொரு பக்கம், எட்டு வீடு, 750 சதுர மீட்டர் வரையிலான குடியிருப்புக் கட்டடத்துக்குப் பணிநிறைவுச் சான்றே வேண்டாம் என்று வரம்பை உயர்த்தினோம். முன்வாசலில் வேகம், பின்வாசலில் விலக்கு. நுழைகிறவர்களை மட்டும் எண்ணும் ஊரில், உள்ளே போன கட்டடம் என்னவாக முடிந்தது என்று பார்க்கும் ஒரே இடத்தையும் மூடிவிட்டால், அப்புறம் அனுமதி எண்ணைத் தவிர எண்ணுவதற்கு வேறு என்ன மிஞ்சும்?

விலை இறங்கும் என்ற நம்பிக்கைக்கும் பதில் சொல்லியாக வேண்டும். வரத்து கூடினால் விலை குறையும் என்பது கோயம்பேட்டுத் தக்காளிக்குச் சரி. தக்காளிக்கு அடியில் மனை இல்லை. 2019 விதிகளில் சாதாரணக் கட்டடங்களுக்குத் தளப்பரப்புக் குறியீடு 1.5-லிருந்து 2 ஆனது. அதே மனையில் மூன்றில் ஒரு பங்கு கூடுதலாகக் கட்டலாம். சதுர அடி விலை இறங்கியதா? ஜாயின்ட் வென்ச்சர் பேசிய யாரையும் கேளுங்கள். கூடுதலாகக் கட்டலாம் என்று தெரிந்த மறுநாளே மனைக்காரர் ஐம்பதுக்கு ஐம்பதை விட்டு அறுபது கேட்டார். கூடுதல் மாடியின் லாபம் மண்ணுக்குள் இறங்கிவிட்டது. புரோமோட்டரும் தர்மத்துக்கு வரவில்லை. இறங்குவிலைக்கு விற்பதைவிட அனுமதியைக் கையில் வைத்துக்கொண்டு இரண்டாம் கட்டத்தைத் தள்ளிப்போடுவது அவருக்கு லாபம். அனுமதிக்கு ஆண்டுக்கணக்கில் ஆயுள் உண்டு, தக்காளிக்கு இரண்டு நாள்.

யாருக்கு வீடு இல்லை என்பதையும் ஒருமுறை பார்த்துவிடலாம். 2012-ல் அமிதாப் குண்டு தலைமையிலான வல்லுநர் குழு, இந்திய நகரங்களில் 1.878 கோடி வீடு பற்றாக்குறை என்று மதிப்பிட்டது. அதில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து, ஏழைகளுக்கும் குறைந்த வருமானக்காரர்களுக்கும் உரியது. பெரும்பகுதி ஒற்றை அறையில் நெருக்கியடித்து வாழ்வோரின் பற்றாக்குறை. அதற்கு ஒரு வருடம் முன்னால் எடுத்த 2011 கணக்கெடுப்பில் நகரங்களில் காலியாகக் கிடந்தவை 1.1 கோடி. ஆக, வீடு இல்லாதவர் ஒரு வரிசையில், ஆள் இல்லாத வீடு இன்னொரு வரிசையில். இரண்டும் சந்திப்பதே இல்லை. அனுமதி கூடுவது எந்த வரிசையை நீளமாக்குகிறது என்று எந்தப் பட்டை வரைபடமாவது பிரித்துச் சொல்கிறதா? பழைய மகாபலிபுரம் சாலையில் இரவு ஒன்பது மணிக்கு ஒரு சுற்றுப் போய்வாருங்கள். விளக்கு எரியாத ஜன்னல்களை எண்ண முயன்று நான் பாதியில் விட்டிருக்கிறேன்.

எரிகிற ஜன்னல்களுக்குத் தண்ணீர் வருவது லாரியில். நான் எங்கள் சங்கத்துக்கு இரண்டு வருடம் பொருளாளராக இருந்தேன். பராமரிப்புப் பணத்தில் லாரிக்கு எவ்வளவு போகிறது என்பது கோடையில் தூக்கத்தைக் கெடுக்கும். வரைபடத்தில் சம்ப் இருந்தது, மழைநீர்க் குழி இருந்தது, கழிவுநீர்ச் சுத்திகரிப்பு இருந்தது. அனுமதி கொடுத்தவர் தாளில் எல்லாவற்றையும் பார்த்திருந்தார். தெருவில் குழாய் இருக்கிறதா என்று பார்ப்பது அவர் வேலையாக இல்லை. 2019 ஜூனில் சென்னையின் ஏரிகள் வறண்டபோது, 'அப்ரூவ்டு' குடியிருப்பு, 'அன்அப்ரூவ்டு' குடியிருப்பு என்று லாரிக்காரர் பேதம் பார்க்கவில்லை. முதலில் பணம் கட்டிய சங்கத்துக்கு முதலில் வந்தார்.

அனுமதியை எண்ணவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கூடவே நாலு எண் வையுங்கள்: இடித்தவை, தொடங்கியவை, சான்று பெற்று முடிந்தவை, மின் மீட்டர் ஓடத் தொடங்கியவை. நான்கும் அரசிடம் ஏற்கெனவே ஏதோ ஓர் அலுவலகத்தில் கிடக்கின்றன. மின் இணைப்புக் கணக்கு மின்வாரியத்தில். எட்டு வீட்டுக்கோ 500 சதுர மீட்டருக்கோ மேற்பட்ட ஒவ்வொரு திட்டமும் எப்போது முடிப்பதாக எழுதிக்கொடுத்தது என்பது ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில். சேர்த்து ஒரு தாளில் போட ஒரு எழுத்தர் போதும். போடாததற்குக் காரணம் சோம்பல் என்று நான் நினைக்கவில்லை. அந்த நாலு எண்ணும் வந்தால் முதல் எண் கொண்டாட்டத்துக்கு உதவாது.

2021-ல் எடுத்திருக்க வேண்டிய மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் முதல் கட்டம், வீட்டுப் பட்டியல், 2026-க்குத் தள்ளிப்போனது. பதினைந்து வருடம், எத்தனை வீடு காலி என்று தெரியாமலே அனுமதி கொடுத்துக்கொண்டிருந்தோம். கணக்கெடுப்பாளராக வருபவர் பெரும்பாலும் ஒரு பள்ளி ஆசிரியையாக இருப்பார். பதினான்காவது மாடியில் லிப்டிலிருந்து இறங்கி, ஒரு கதவைத் தட்டி, திறக்காவிட்டால் எதிர்வீட்டு அழைப்பு மணியை அமுக்கி, 'இங்கே யாராவது இருக்காங்களா?' என்று கேட்பார். அந்தப் பதிலைத்தான் அவர் எழுதிக்கொள்வார்.